இல்லச் சிக்கன இலக்கணம்: வகையும் விரியும்

பாயிரம்

நூல் என்று வந்துவிட்டால் பாயிரம் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஆக்கியோன்: வாடகைக்குக் குடியிருப்பவர், இதற்கு மேல் விவரம் வேண்டாம், வீட்டு ஓனர் படிக்கக் கூடும். எல்லை: ஈ.பி. கம்பி போகிற இடமெல்லாம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-இல் பிறந்து, 2010-இல் பிரிந்து, 2024-இல் மறுபடியும் பிரிந்து புதுப்புதுப் பெயர்கள் பூண்டாலும், வீட்டு வாசலில் அதன் பெயர் ஈ.பி.தான், நாமும் அவ்வாறே வழங்குவோம். நுதலிய பொருள்: கரண்டும் தண்ணீரும் வீட்டை விட்டுக் காசாக வெளியேறும் வழிகளும், குறுக்கே நின்று மறிக்கப் பார்ப்போரின் இனங்களும். கேட்போர்: வீட்டில் யாரும் கேட்பதில்லை, ஆகவே வாசகர். பயன்: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 233 ரூபாய். கணக்கு பின்னால் வருகிறது.

கருவி இயல்

வீட்டுக் கருவிகளைச் சமையலறைச் சாமான், ஹால் சாமான், பெட்ரூம் சாமான் என்று இடத்தைக் கொண்டு பிரிப்பது பழைய வழக்கம். தவணைக்கு வாங்கியது, சீராக வந்தது, ரேஷன் கார்டுக்குக் கிடைத்தது என்று வந்த வழியைக் கொண்டு பிரிப்போரும் உளர். பில் வரும்போது இரண்டும் உதவாது. கரண்ட் குடிக்கும் திறத்தைக் கொண்டு வல்லினம், மெல்லினம், இடையினம், ஆய்தம் என நான்காகப் பிரிப்பதே முறை.

மெல்லினமாவன விளக்குகள். இவைதான் வீட்டில் அதிகம் திட்டு வாங்குபவை. 'யாரு லைட்டைப் போட்டுட்டுப் போனது?' என்ற வினா தமிழ் வீடுகளில் மூன்று தலைமுறையாக ஒலித்துவருகிறது. இந்த வினா குண்டு பல்பு காலத்தில் பிறந்தது. அன்று அதற்கு நியாயமும் இருந்தது. 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். இன்று அதே இடத்தில் இருக்கும் 9 வாட் எல்.இ.டி. அதே நேரம் எரிந்தால் 2.7 யூனிட். பல்பு மாறிவிட்டது, கோபம் இன்னும் 60 வாட்டிலேயே எரிகிறது.

மெல்லினத்துக்குள் போலி ஒன்று உண்டு: ஜீரோ வாட் பல்பு. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குமிழ் ஜீரோ வாட் பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பழைய சுழல்தட்டு மீட்டர் அவ்வளவு சிறிய அளவைச் சட்டை செய்யாததால், பூஜ்யம் என்று பேர் வாங்கிவிட்டது. சாமி ரூமில் சிவப்பாகவோ பச்சையாகவோ விடிய விடிய எரியும் ஒன்று இன்னும் இருந்தால், இன்று விற்கும் அரை வாட் எல்.இ.டி.யாக மாற்றிவிடலாம். சாமிக்கு ஆட்சேபம் இருக்காது.

இடையினமாவன ஃபேனும் ஃப்ரிட்ஜும். வாட்டில் பார்த்தால் சாது. மணியில் பார்த்தால் அப்படி இல்லை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். சென்னையில் அதை நிறுத்தும் மாதங்கள் எவை என்பது ஆராய்ச்சிக்குரியது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது ஃபேன் 30 வாட் அளவில் சுற்றும். அதற்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் மாற்றினால் கிட்டத்தட்ட நூறு யூனிட் இறங்கும். லைட்டை அணைத்து அணைத்து இந்த நூறைத் தேட வேண்டுமானால் வீடே இருளில் மூழ்கினாலும் போதாது.

ஃப்ரிட்ஜ் பற்றி ஒரே ஒரு சோதனை. கதவின் ரப்பர் பீடிங்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால், குளிரும் அதே வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பீடிங் மாற்றுவதற்கு மெக்கானிக் கேட்கும் தொகையைக் கேட்டதும் புது ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தின் விளைவு மாந்தர் இயலில் வருகிறது.

வல்லினமாவன சூடாக்குபவையும் குளிராக்குபவையும்: கீசர், ஏ.சி., அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு. பில் என்னும் மாளிகையின் தூண்கள் இவை. 15 லிட்டர் கீசர் நீரை 28 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுவரச் சுமார் 0.4 யூனிட் பிடிக்கும். 2,000 வாட் கீசருக்கு இது பன்னிரண்டு நிமிட வேலை. நான்கு பேர் ஆளுக்கு ஒரு கீசர் நீர் என்று குளித்தால் இரண்டு மாதத்தில் 96 யூனிட். ஒருவர் குளித்ததும் அடுத்தவர் போய்விட்டால் கணக்கு இதோடு முடியும். அப்பா ஆறு மணிக்கு, மகன் எட்டு மணிக்கு, மகள் பத்து மணிக்கு, இடையில் சுவிட்ச் ஆனில் என்றால், ஆறுவதும் காய்வதுமாகக் கீசர் யாருக்காகவும் இல்லாமல் வேலை செய்யும். ஹீட்டர் ராடு இதைவிட ஒரு படி கீழ். தானே அணையும் அறிவு அதற்குக் கிடையாது; மறந்தால் பணத்துக்கு முன் உயிருக்கே ஆபத்து.

ஏ.சி.யைப் பற்றித் தனி நூலே எழுதலாம். சுருக்கமாக: இந்தியாவில் விற்கும் ரூம் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஆயினும் ரிமோட் கைக்கு வந்ததும் 18-க்கு இறக்கி, பிறகு எழுந்து கம்பளி தேடும் ஓர் இனம் உண்டு. சீக்கிரம் குளிரும் என்பது அவர்கள் சித்தாந்தம். இன்வர்ட்டர் அல்லாத ஏ.சி. 18-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது என்பதும் பலர் படிக்காத வரி. இரவு பத்து மணி நேரம் ஓட்டும் வீட்டில் அது ஐந்தேகால் மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

இனி ஆய்தம். உயிருமில்லை, மெய்யுமில்லை, ஆனுமில்லை, ஆஃபுமில்லை. செட்டாப் பாக்ஸ்தான் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். சிவப்புப் புள்ளி ஒன்று விழித்திருக்கிறது. பெட்டி 10 வாட் எடுப்பதாக வைத்தால், இருபத்து நான்கு மணி நேரமும் சேர்த்து இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். இதையும் மிக்ஸியையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இந்த இயலின் சாரம் விளங்கும். 750 வாட் மிக்ஸி நாளுக்கு ஐந்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 3.75 யூனிட். காலையில் சட்னி அரைக்கும்போது 'இப்படி ஓட்டினா கரண்ட் பில் என்ன ஆகும்?' என்று ஹாலிலிருந்து குரல் வருவது உண்டு. குரல் கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருப்பது டி.வி. சத்தம் போடுவதும் வெளிச்சம் போடுவதும் நம் வீடுகளில் தண்டிக்கப்படும். சும்மா இருப்பதுபோல் இருப்பது தப்பித்துக்கொள்ளும்.

மாந்தர் இயல்

சிக்கனர் அறுவகையர் என்பாரும், இருவகையர் என்பாரும் உளர். வீட்டுக்கு வீடு புது வகை முளைப்பதால் எண்ணிக்கை கட்டுவது வீண். கண்ணில் அதிகம் படும் சிலரை மட்டும் காண்போம்.

ஆணையர். இவர் குடும்பத் தலைவர். கட்டளையே இவர் கருவி. சுவிட்ச் போர்டிலிருந்து நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு, இரண்டு அறை தள்ளி இருப்பவரைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்வார். இவருடைய அதிகார எல்லை இவர் தூங்கும் அறையின் ஏ.சி. வரை வந்து நின்றுவிடும்.

ஏட்டர். ரிட்டயர் ஆனவர்களில் மிகுதி. தினமும் காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்து, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைப்பார். வீட்டில் எல்லோரும் இவரைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் பில் ஏன் கூடியது என்ற கேள்விக்கு விடை இவரிடம் மட்டுமே இருக்கும்: 'பதினாலாம் தேதி மாப்பிள்ளை வந்தாரு, பதினெட்டு வரைக்கும் ரெண்டு ஏ.சி.' இந்நூல் தலைவணங்கும் ஒரே இனம் இது.

பெட்டியர். கடையிலோ ஃபோனிலோ பார்த்து 'பவர் சேவர்' என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கி பிளக்கில் செருகியிருப்பவர். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். திறந்தால் உள்ளே ஒரு கெபாசிட்டரும் அந்தப் பச்சை விளக்குக்கான சில்லறைச் சாமான்களும் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கிடுவது யூனிட்டை மட்டும்தான். பவர் ஃபேக்டருக்கு வீட்டு பில்லில் இடமே இல்லை. ஆகவே அந்தப் பெட்டி சேமிப்பது பூஜ்யம், பச்சை விளக்குக்குச் செலவழிப்பது கொஞ்சம். இவரிடம் இதைச் சொன்னால், 'ஆனா பில் குறைஞ்சிருக்கே' என்பார். டிசம்பரில் வாங்கியிருப்பார்.

நட்சத்திரர். ஐந்து ஸ்டார் இல்லாத எதையும் தொடமாட்டார். புது ஃப்ரிட்ஜ் வரும். வந்த நாளில் பழைய ஃப்ரிட்ஜ் எக்ஸ்சேஞ்சில் போவதற்குப் பதிலாக மாடிக்குப் போகும். மாவு வைக்க, பூ வைக்க, கல்யாணம் காட்சி என்றால் ஐஸ்கிரீம் வைக்க. முன்பு ஒன்று ஓடிய வீட்டில் இப்போது ஒன்றரை ஓடுகிறது. அளவுகோலைச் செயலகம் அவ்வப்போது இறுக்குவதால் சில வருடம் முன்பு வாங்கிய ஐந்து ஸ்டார் இன்றைய கணக்கில் மூன்றாகக்கூட இருக்கலாம் என்ற செய்தியை இவரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது, இன்னொன்று வாங்கிவிடுவார்.

ஒருதலைச் சிக்கனத்தைக் கைக்கிளை என்க. வீட்டில் ஒருவர் மட்டும் அணைத்துக்கொண்டே போவார். மற்றவர்கள் போட்டுக்கொண்டே வருவார்கள். பொருந்தாச் சிக்கனம் பெருந்திணை: அறைக்கு அறை ஏ.சி. ஓடும் வீட்டில் ஃபோன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது. சும்மா செருகியிருக்கும் சார்ஜர் அரை வாட்டைக்கூடத் தொடாது.

படி இயல்

இந்நூலின் உயிர்நிலை இதுவே. தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2016 மே மாதம் தொடங்கி முதல் நூறு யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம்; பிறகு ரூபாய் கூடியிருக்கிறது, படிகளின் அமைப்பு மாறவில்லை. ஐந்நூறு யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டியவருக்கு 101-லிருந்தே 4.50; அதாவது அந்த 2.25 சலுகைப் படி காலுக்கடியிலிருந்து உருவப்பட்டுவிடும். 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய்.

கூட்டிப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 225, 900, 600 ஆக 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,350, 600, 8 ஆக 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பாயிரத்தில் சொன்ன பயன் இதுதான். அந்த ஒரு யூனிட் ஒரு மணி நேர அயர்ன் பாக்ஸாக இருக்கலாம். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்ததால் ஓடிய ஃபேனாகவும் இருக்கலாம்.

இதனால் வீடுகளை மறுபடி வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. நானூறுக்குள் இருப்போர் நிம்மதியர். ஆயிரத்தைத் தாண்டியோர் துறந்தோர்; பில்லைப் பார்க்காமலே கட்டுவார்கள். நானூற்றைம்பதுக்கும் ஐந்நூற்றைம்பதுக்கும் நடுவே இருப்போர்தான் இந்நூலின் உண்மையான மாணாக்கர். இவர்களுக்கு ஒரு செட்டாப் பாக்ஸின் 14 யூனிட் வேறு எவருக்கும் இல்லாத அளவு விலை பெறும். மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு மீட்டர் வாங்கி இரண்டு நூறு இலவசம் அனுபவிப்போரும் உளர். அவர்களை வகைப்படுத்தும் வேலையை ஈ.பி. அதிகாரிகளுக்கு விட்டுவிடுகிறோம்.

நீரியல்

தண்ணீரின் இலக்கணம் வேறு. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் மீட்டரே கிடையாது. ஒரு குடம் பிடித்தாலும் நூறு குடம் பிடித்தாலும் கட்டணம் ஒன்றே. ஆகவே தண்ணீர் பில் நேராக வராது, மாறுவேடத்தில் வரும். மோட்டார் வழியாகக் கரண்ட் பில்லில், லாரி வழியாக அசோசியேஷன் கணக்கில், கேன் வழியாகக் கைச்செலவில். மூன்றும் ஒரே தண்ணீர் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். டேங்க் நிறைந்த பிறகு தினமும் கால் மணி நேரம் சும்மா வழிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் வழிந்துபோயிற்று. அப்பார்ட்மெண்டில் இது பொது மீட்டரில் ஏறும்; அதற்கு இலவச நூறு யூனிட் கிடையாது. 2022-இல் அதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்து, பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-இல் 5.50 ஆகக் குறைத்தார்கள். வழியும் சத்தம் மோட்டார் போட்டவருக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் கேட்கும் என்பது நீரியலின் பொது விதி. 'உங்க டேங்க் வழியுது சார்' என்று கூவுபவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஃப்ளோட் வைத்த ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் ஒன்றை மாட்டினால் அவர் பாவம் ஓய்வெடுப்பார்.

தண்ணீரின் வகைகளாவன: மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். ஒரே மனிதர் நான்கிடமும் நான்கு விதமாக நடப்பார். போர் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பார். லாரித் தண்ணீர் வந்த நாளில் வாளியில் மொண்டு குளிப்பார். கேன் தண்ணீரை டம்ளரில் ஊற்றும்போது விளிம்புக்கு அரை அங்குலம் கீழே நிறுத்துவார். காசு கொடுத்த கை காட்டும் மரியாதை அது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியபோது, நகரமே கேன் மரியாதையுடன் நடந்துகொண்டது. அடுத்த மழையோடு அது கரைந்துவிட்டது. 2003-இல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழாய் இன்றும் சுவரில் இறங்குகிறது. கீழே அது போய்ச் சேரும் குழியில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்த்தவர் வீட்டுக்கு ஒருவர் தேறுவாரா தெரியாது.

கசிவு இரண்டு: ஓசையுள்ளது, ஓசையற்றது. சொட்டும் குழாய்க்கு ஓசை உண்டு. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே வாஷர் மாற்றப்படும். ஃப்ளஷ் டேங்கின் கசிவுக்கு ஓசை கிடையாது. வால்வு சரியாக உட்காராமல் பீங்கானின் உட்சுவரில் ஒட்டி, நூல்போல் இறங்கிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் மிஞ்சிய காபி டிகாஷனை ஃப்ளஷ் டேங்கில் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். பிறகு போய்ப் பாருங்கள். கீழே நிறம் இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய வீடு. பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். அதற்குள் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி நிறுத்தினால் தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். பிளம்பர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு இதில் வேலை இல்லை.

மறுபயன் நீர்களில் உயர்குலம் அரிசி கழுவிய நீர், செடிக்குப் போகும். ஏ.சி. சொட்டும் நீரில் உப்பு கிடையாது. வாளி வைத்துப் பிடித்தால் அதுவும் செடிக்கு ஆகும். ஆர்.ஓ. மெஷின் தள்ளும் நீர் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் என்ற அளவில் சிங்க்கில் போகிறது. இதில் உப்பு கூடுதல். செடிக்கு வேண்டாம், தரை துடைக்கவும் பாத்ரூமுக்கும் கொள்ளலாம். மெட்ரோ தண்ணீர் நன்றாக வரும் வீட்டிலும் ஆர்.ஓ. வைத்திருப்பது எந்த வகை என்பதை இந்நூல் ஆராயவில்லை. உறவுகளைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

புறனடை

எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. வயதானவர் இரவில் பாத்ரூம் போகும் வழியில் எரியும் விளக்கை அணைப்பவர் சிக்கனர் அல்லர். 5 வாட் எல்.இ.டி. இரவு முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் மூன்று யூனிட்தான். இடுப்பெலும்புக்கு வரும் பில் வேறு ஆஸ்பத்திரியில் வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஃபேன், கைக்குழந்தை தூங்கும் அறையின் ஏ.சி., காய்ச்சல்காரருக்கு வைக்கும் வெந்நீர் ஆகிய இவையும் இந்நூலின் ஆட்சிக்கு வெளியே. கூரை சொந்தமாக இருந்து வெயிலும் விழுந்தால் சோலார் பற்றி யோசிக்கலாம். 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் 2024 முதல் இருக்கிறது. வாடகைக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஆகவே இந்நூலில் இவ்வளவுதான்.

நூலை மூடுமுன் ஒரு வேலை. ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து, கடைசி பில்லில் உள்ள எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள். விடை 416-க்கு மேல் இருந்தால், இதே வேகத்தில் ஐந்நூறைத் தாண்டிவிடுவீர்கள். அந்தப் பத்து நாள் துணியைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுங்கள், ஏ.சி.யை 26-இல் வையுங்கள், செட்டாப் பாக்ஸைச் சுவரிலேயே அணையுங்கள். சாமி ரூம் விளக்கு எரிந்தால் எரியட்டும்.